முதல் ஜிபிஎஸ் சைக்கிள் கம்ப்யூட்டர்: எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது

புதிதாக சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்குகிற பலர் பெட்டியைப் பிரித்த கையோடு அதை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முதல் ஒரு கிலோமீட்டருக்கு வேகமே காட்டாது, திரையில் எட்டு எண்கள் பொடிப்பொடியாக ஊர்ந்துகொண்டிருக்கும், வீடு திரும்பிப் பார்த்தால் பயணமே பதிவாகியிருக்காது. இரண்டு வாரத்தில் அது மேசை இழுப்பறைக்குள் போய்விடும். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் கருவியின் மேல் தவறே இருக்காது. வாங்கும் முன் கொஞ்சம் யோசித்து, வாங்கியதும் ஒரு மணி நேரம் வீட்டிலேயே உட்கார்ந்து தயார் செய்தால் போதும், பல வருடம் கூடவே வரும்.

நான் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது ஒன்றைத்தான்: ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒரே பார்வையில் படிக்க முடிகிறதா? மற்ற வசதிகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

படி 1: எதற்காக என்று முடிவு செய்யுங்கள்

வேகம், தூரம், நேரம் தெரிந்தால் போதும், வீட்டுக்கு வந்ததும் பாதையை வரைபடத்தில் பார்த்தால் போதும் என்பவருக்கு 2 அங்குலத்தை ஒட்டிய சின்னத் திரை தாராளம். கார்மின் எட்ஜ் 130 இந்த வகைதான்: 1.8 அங்குலத் திரை, 33 கிராம் எடை, சுற்றிலும் பொத்தான்கள். பிரைட்டன், ஐஜிபிஸ்போர்ட் போன்றவர்களிடமும் இதே அளவில் நிறைய இருக்கின்றன. தெரியாத ஊர்களில் நீண்ட தூரம் போகிறவர், வழி தவறினால் கருவியே புது வழி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவர், உள்ளேயே வரைபடம் இருக்கிற மாடலைத்தான் பார்க்க வேண்டும். சின்னக் கருவிகள் பலவற்றில் இருப்பது வெற்றுத் திரையில் ஒரு கோடும், நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு அம்புக்குறியும் மட்டும்தான். வாங்கும் முன் 'நேவிகேஷன் உண்டு' என்ற ஒரு வரியை நம்பாமல், அது வரைபடமா வெறும் கோடா என்று கேட்டுவிடுங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

தொடுதிரையா பொத்தானா? என் வோட்டு பொத்தானுக்கு. வியர்வை சொட்டினாலும், மழை பெய்தாலும், தடித்த கையுறை போட்டிருந்தாலும், பொத்தான் விரலுக்குத் தட்டுப்படும், கண் சாலையில் இருக்கும். கார்மின் எட்ஜ் 540, 840 இரண்டுக்கும் அதே 2.6 அங்குலத் திரைதான், முக்கியமான வித்தியாசம் பின்னதில் பொத்தான்களோடு தொடுதிரையும் உண்டு என்பது. வரைபடத்தை விரலால் நகர்த்திப் பார்க்கிற பழக்கம் இருந்தால் தொடுதிரை உதவும், இல்லையென்றால் அது இல்லாமலே காலம் தள்ளலாம்.

படி 2: விவரப் பட்டியலில் இவற்றைத் தேடுங்கள்

முதலில் உயரமானி. மலை, மேடு ஏறுகிறவர்கள் காற்றழுத்த உயரமானி இருக்கிற கருவியாகப் பார்த்து வாங்குங்கள். செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, கீழே ஒன்றும் இல்லை, அதனால் ஜிபிஎஸ் உயரத்தைக் கணக்கிடும்போது வரும் பிழை, தரையில் இடத்தைக் கணக்கிடும்போது வருவதைவிடப் பொதுவாக அதிகம். காற்றழுத்த உயரமானி வேறு வழியில் வேலை செய்கிறது: கடல் மட்டத்தை ஒட்டி ஏறக்குறைய 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும், அந்தச் சின்ன மாற்றத்தைக்கூட சென்சார் பிடித்துவிடும். இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. வானிலை மாறி அழுத்தம் 4 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், காலையில் புறப்பட்ட அதே வாசலுக்கு மாலையில் திரும்பினாலும் 30 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டதாகக் காட்டும். பயப்பட வேண்டாம், அது பழுதில்லை. புறப்படும் இடத்தின் உயரத்தைக் கருவியில் பதிந்துவைத்தால் ஒவ்வொரு முறையும் சரியான எண்ணிலிருந்து தொடங்கும். இன்னொன்று, அழுத்தத்தை உணர்வதற்காக அடிப்பக்கத்தில் ஊசி நுழையும் அளவில் ஒரு சின்னத் துளை இருக்கும். மழையில் ஓட்டியபோது ஒரு தடவை எனக்கு அதில் நீர் அடைத்துக்கொண்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தபோது உயரம் அசையாமல் நின்றது. அந்தத் துளைக்குள் ஊசியை விட்டுவிடாதீர்கள், துணியால் ஒற்றியெடுத்துத் தானாகக் காய விட்டால் போதும்.

அடுத்து செயற்கைக்கோள் தொகுதிகள். அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்று பல உண்டு. இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளைப் படிக்கிற கருவிக்கு மரத்தடியிலும் நான்கு கிடைப்பது சுலபம். 'இரட்டை அலைவரிசை' என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, உயரமான கட்டடங்களில் மோதித் திரும்பி வரும் சமிக்ஞையை அது ஓரளவு இனம் கண்டு ஒதுக்கும். ஆனால் பேட்டரியைக் கூடுதலாகத் தின்னும். திறந்தவெளியில் ஓட்டுகிறவருக்கு அது கட்டாயமில்லை.

பேட்டரி எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதோ, அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும் என்று நானே கணக்கு வைத்துக்கொள்வேன். தண்ணீர்க் காப்புக்கு ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அதற்காக சைக்கிள் கழுவும்போது பீய்ச்சியடிக்கிற தண்ணீரைக் காட்டாதீர்கள், கழற்றி வைத்துவிடுங்கள்.

படி 3: மாட்டுவது

ஹேண்டில்பாருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மவுன்ட்தான் என் விருப்பம், தலையை அதிகம் குனிய வேண்டியதில்லை. ரப்பர் வளையத்தால் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் குட்டைத் தண்டு) மேல் கட்டுகிற மவுன்ட்டும் உறுதியானதுதான். பல கருவிகளுக்குக் கால் சுற்றுத் திருப்பும் முறை: குறுக்காக வைத்து, அழுத்தி, நேராகும் வரை திருப்பினால் 'க்ளிக்' என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்காமல் கிளம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் மவுன்ட் இன்னொன்றுக்குப் பொருந்துவதுபோலத் தெரியும், கார்மினும் வாஹூவும் அப்படித்தான், ஆனால் அளவு வேறு. பலவந்தமாகத் திருப்பினால் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் காது உடைந்துவிடும். கூடவே கயிறு கொடுத்திருந்தால் கட்டாயம் கட்டுங்கள், குழியில் இறங்கித் தெறித்தாலும் கருவி கயிற்றில் தொங்கும்.

படி 4: வீட்டில் ஒரு மணி நேரம்

முழுதாக சார்ஜ் போடுங்கள். நிறுவனத்தின் செயலியைப் போனில் இறக்கி, அந்தச் செயலிக்குள்ளிருந்தே கருவியை இணையுங்கள். போனின் ப்ளூடூத் பட்டியலுக்குப் போய் நேரடியாக இணைக்க முயன்றால் பெரும்பாலும் குழப்பம்தான் மிஞ்சும். மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் இப்போதே முடித்துவிடுங்கள்.

அப்புறம் திரை. ஆலையில் இருந்து வரும்போதே ஆறேழு பக்கங்கள் அடைத்துவைத்திருப்பார்கள், அதில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள். முதல் பக்கத்தில் மூன்று எண்கள், மிஞ்சிப்போனால் நான்கு. என்னுடையதில் மேலே பெரிதாக வேகம், கீழே தூரம், அதற்குப் பக்கத்தில் கடிகார நேரம். கடிகார நேரத்தை யாரும் முதலில் வைப்பதில்லை, ஆனால் இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா என்பதை அதுதான் சொல்லும். இரண்டாவது பக்கம் ஏற்றங்களுக்கு: ஏறிய உயரம், சரிவு சதவீதம், இதயத்துடிப்பு. சரிவு எண் சில நொடி தாமதமாகத்தான் வரும், ஏற்றம் தொடங்கியது காலுக்குத் தெரிந்த பிறகே திரைக்குத் தெரியும். நெஞ்சில் கட்டும் துடிப்புப் பட்டை வைத்திருந்தால் அதன் உட்புறத்தை லேசாக நனைத்துக் கட்டுங்கள், காய்ந்திருந்தால் முதல் சில நிமிடங்கள் தாறுமாறாகக் காட்டும்.

சென்சார்களை இணைக்கும்போது ஒரு சிக்கல் அடிக்கடி வரும். வேக சென்சார், கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை முறை மிதிக்கிறோம்) சென்சார் போன்றவை ஆன்ட் பிளஸ், ப்ளூடூத் என இரண்டு கம்பியில்லா வழியிலும் பேசும். ஆன்ட் பிளஸ் வானொலி மாதிரி, ஒரே சமயத்தில் எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் கேட்கலாம். ப்ளூடூத் அப்படியில்லை, பல சென்சார்கள் ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டுமே பேசும். போனில் ஏதோ ஒரு செயலி ஏற்கெனவே சென்சாரைப் பிடித்து வைத்திருந்தால், கம்ப்யூட்டர் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி தேடுங்கள், பாதிப் பிரச்சினை அதோடு தீரும். மீதிக்குப் பெரும்பாலும் காரணம் சென்சாருக்குள் தீர்ந்துபோன காசு வடிவ பேட்டரி.

படி 5: சக்கரத்தின் சுற்றளவை அளந்துவிடுங்கள்

வேக சென்சார் இல்லாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். இருப்பவர்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டும்தான் சென்சாருக்குத் தெரியும், ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். 25-622 டயருக்கு 2105, 28-622 டயருக்கு 2136 என்று அட்டவணைகளில் போட்டிருக்கும் (25-622 போன்ற அளவு டயரின் பக்கவாட்டில் இருக்கும்). ஆனால் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது, மேலே எவ்வளவு எடை உட்காருகிறது என்பதெல்லாம் அட்டவணைக்குத் தெரியாது.

வழக்கமாக அடிக்கிற காற்றை அடித்துக்கொள்ளுங்கள். சமதளத் தரையில், சென்சார் இருக்கிற சக்கரத்தின் வால்வை நேர் கீழே கொண்டுவந்து, அதற்கு நேராகத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. நீங்கள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள், இன்னொருவர் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் மெல்ல உருட்டட்டும். வால்வு மூன்று முறை கீழே வந்ததும் மறுபடி ஒரு கோடு. நடுவில் இருக்கிற தூரத்தை அளந்து மூன்றால் வகுங்கள். உதாரணத்துக்கு 6,375 மில்லிமீட்டர் வந்தால் ஒரு சுற்றுக்கு 2,125. அட்டவணையின் 2136-க்கும் இதற்கும் வித்தியாசம் அரை சதவீதம், 100 கிலோமீட்டரில் அரை கிலோமீட்டர். ஆள் உட்காராமல் அளந்தால் டயர் அமுங்காது, எண் கொஞ்சம் கூடுதலாக வந்துவிடும், அதனால்தான் ஏறி உட்காரச் சொல்கிறேன்.

படி 6: முதல் பயணம்

வாசலுக்கு வந்து, வானம் தெரிகிற இடத்தில் கருவியை இயக்கிவிட்டு அசையாமல் நில்லுங்கள். ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தான் இருக்கும் இடத்தைச் சொல்லும் தகவலை 30 நொடிக்கு ஒரு முறை முழுதாக அனுப்புகிறது. நகர்ந்துகொண்டே, மரத்தடியில், நடுவில் ஒரு துண்டு விடுபட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். நின்று பிடிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஓட்டிக்கொண்டே பிடிக்க ஐந்து நிமிடம் ஆகலாம். பல மாதம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலோ, வேறு ஊருக்குக் கொண்டுபோயிருந்தாலோ முதல் தடவை அதிக நேரம் எடுக்கும். கிளம்பும் முன் செயலியோடு ஒருமுறை இணைத்தால் பல கருவிகள் செயற்கைக்கோள் தகவலை இணையத்திலிருந்தே முன்கூட்டி எடுத்துக்கொள்ளும்.

சமிக்ஞை கிடைத்ததும் தொடக்கப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் வேகம் ஓடுவது பதிவு நடப்பதற்கு அடையாளம் இல்லை, நேரம் ஏறுகிறதா என்று பாருங்கள். தானியங்கி நிறுத்தம் (வண்டி நின்றால் பதிவும் தானாக நிற்கும் வசதி) இருந்தால் ஊருக்குள் ஓட்டும்போது வைத்துக்கொள்ளலாம், செங்குத்தான ஏற்றத்தில் ஆமை வேகத்தில் போகும்போது பதிவு நின்று நின்று ஓடும், அங்கே அணைத்துவிடுங்கள்.

பாதையை ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தால் ஒரு விஷயம். பாதையைச் சேமித்துவைக்கும் வெறும் ஜிபிஎக்ஸ் கோப்பில் பெரும்பாலும் புள்ளிகளின் வரிசை மட்டுமே இருக்கும், 'இடப்பக்கம் திரும்பு' என்ற குறிப்பு இருக்காது. அதனால் கோடு மட்டும் காட்டுகிற கருவியில், கிளைச்சாலை வருகிற இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். அம்புக்குறி கோட்டைவிட்டு விலகுவது தெரிவதற்குள் நீங்கள் சில பத்து மீட்டர் தாண்டியிருப்பீர்கள். பாதை விலகல் எச்சரிக்கையை இயக்கி வையுங்கள், பீப் சத்தம் கேட்டால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஓடும் வண்டியில் வரைபடம் படிக்க வேண்டாம், தயவுசெய்து.

படி 7: திரும்பி வந்த பிறகு

நிறுத்து, பிறகு சேமி. பக்கத்திலேயே 'நீக்கு' என்பதும் இருக்கும். களைத்துப்போய் வந்து இறங்குகிற நேரத்தில் விரல் அங்கே போய்விடும், 80 கிலோமீட்டர் பயணம் ஒன்றை நான் அப்படித்தான் இழந்தேன், அதில்தான் முதல் முறையாக ஒரு பெரிய ஏற்றத்தை நிற்காமல் ஏறியிருந்தேன். இப்போதெல்லாம் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, அப்புறம்தான் சேமிப்பேன்.

ஸ்ட்ராவா போன்ற தளத்துக்குப் பயணங்கள் தானாகப் போகிறபடி வைத்திருந்தால், முதல் பயணத்தைப் பகிரும் முன்பே தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கிற அமைப்பைப் போட்டுவிடுங்கள். பாதை தொடங்குகிற புள்ளி உங்கள் வீட்டு வாசல், அது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. செயலி வழியாக ஏறவில்லை என்றால், பல கருவிகளைக் கம்பியால் கணினியில் இணைத்து உள்ளே பயணம் பதிவாகியிருக்கிற ஃபிட் கோப்பை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம்.

சில மாதம் ஓட்டப் போவதில்லை என்றால் பேட்டரியை முழுதாகத் தீர விட்டு வைக்காதீர்கள், பாதி சார்ஜில் வைத்து எப்போதாவது எட்டிப் பாருங்கள். அப்புறம், நீண்ட பயணத்துக்கு முந்தின இரவு புதுப்பிப்பு வந்திருப்பதாகத் திரை சொன்னால் அதைத் தொடாதீர்கள், போய்வந்து பார்த்துக்கொள்ளலாம்.