தோட்ட வேலைக்குத் தாங்கும் கைப்பேசி கேசிங்: ஒன்றுக்கு ஒரு வேலை போதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கேசிங் விற்கும் மேசை முன் நின்றால் தேர்ந்தெடுப்பது லேசான காரியமில்லை. கார்டு வைக்கும் பை கொண்டது, உள்ளேயே பேட்டரி உள்ளது, காந்தம் பிடிப்பது, விரல் வளையம் ஒட்டியது, தண்ணீர் புகாதது என்று வரிசையாகத் தொங்கும். கொடுக்கிற காசுக்கு எல்லாம் சேர்ந்த ஒன்றாக எடுத்துவிடலாமே என்று தோன்றும். அப்படி எடுக்காதீர்கள். கேசிங்கில் கூட்டும் ஒவ்வொரு வசதிக்கும் கைப்பேசி ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கிறது. பேட்டரி சேர்த்தால் சூடு வெளியேற வழி குறையும். இரும்புத் தகடு சேர்த்தால் கம்பியில்லா சார்ஜ் நிற்கும். தண்ணீரை அடைத்தால் குரலும் கொஞ்சம் அடைபடும். உங்களுக்கு எது கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்து, அந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யும் கேசிங்கை வாங்குங்கள்.

பால்மரம் வெட்டுபவருக்கும் செம்பனைக் குலை அறுப்பவருக்கும் ஈரமும் அடியும்தான் பிரச்சினை. லோரி ஓட்டுபவருக்கு வெயில் சூடு. தோட்ட அலுவலகக் கிராணிக்கு (எழுத்தருக்கு) கார்டும் மேசை நிறுத்தியும் போதும். மருந்தடிப்பவர்கள் எந்தக் கேசிங் போட்டிருந்தாலும் கைப்பேசியை இடுப்பிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொண்டு தெளிக்கக் கூடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும், மற்ற களைக்கொல்லிகளும் சிலிக்கான் உறையின் மடிப்புகளில் தங்கும். அதே கைப்பேசியைத்தான் வீட்டுக்கு வந்ததும் பிள்ளை வாங்கி விளையாடும்.

அளவு

கைப்பேசியின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பாதி நேரம் தவறிப்போகும். ஒரே பெயரில் 4ஜி, 5ஜி என்று இரண்டு வகை இருக்கும். கேமரா இருக்கும் இடம் சில மில்லிமீட்டர் மாறும். அமைப்புகளில் ‘கைப்பேசி பற்றி’ என்ற பகுதியில் எழுத்தும் எண்ணும் கலந்த மாடல் எண் இருக்கும். அதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

கடையிலேயே மாட்டிப் பாருங்கள். திரையைச் சுற்றியுள்ள விளிம்பு கண்ணாடியைவிட ஒரு மில்லிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். கேமராவைச் சுற்றியும் அப்படியே. ஒலிப் பொத்தானை அழுத்தினால் ‘டக்’கென்று உணர வேண்டும், மெத்தென்று அமுங்கினால் ரப்பர் பொருந்தவில்லை. பிறகு நீங்கள் வீட்டில் பயன்படுத்தும் சார்ஜர் கம்பியையே செருகிப் பாருங்கள். யூ.எஸ்.பி. சி செருகியின் பிளாஸ்டிக் பிடி, தர அளவின்படி அதிகபட்சம் 12.35 மி.மீ. அகலமும் 6.5 மி.மீ. உயரமும் இருக்கலாம். கேசிங்கின் துளை 13க்கு 7 மி.மீ. இருந்தால்தான் எல்லாக் கம்பியும் உள்ளே போகும். தடித்த கேசிங்குகளில் இது இடிக்கும்; செருகி முழுதாக இறங்காமல் ஆடும், சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்குபவர்கள் பலர்.

கடைசியாக யாரையாவது அழைத்துப் பேசிப் பாருங்கள். கீழே உள்ள மைக் துளை மூடியிருந்தால் எதிர்முனையில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். காதில் வைத்தால் திரை அணைந்து, எடுத்தால் மீண்டும் எரிகிறதா என்பதும் முக்கியம். காது அருகில் வருவதை அறியும் அண்மை உணரியை மேல் விளிம்பு மறைத்தால் பேசி முடித்த பிறகும் திரை கறுப்பாகவே நிற்கும்.

பெட்டியில் ‘மில்-எஸ்.டி.டி-810’ என்று அமெரிக்க ராணுவத் தரச் சோதனையின் பெயர் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அந்தச் சோதனையில் 1.22 மீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடுவார்கள். விழுவது பெரும்பாலும் கான்கிரீட் மேல் விரித்த ஒட்டுப்பலகையில். தோட்டத்துச் செம்மண் பாதையில் கிடப்பதோ கூரான சரளைக் கல். கல் முனை நேராகக் கண்ணாடியில் குத்தினால் உயர்ந்த விளிம்பு எதுவும் செய்யாது. அதற்குக் கண்ணாடி மேல் ஒட்டும் டெம்பர்ட் கிளாஸ் தனியாக வேண்டும்.

மழையும் ஈரமும்

மழைக்கு மிகவும் மலிவான, மிகவும் நம்பகமான வழி, கழுத்தில் தொங்கவிடும் ஒளிபுகும் பைதான். முழுக் கைப்பேசியையும் அடைக்கும் தடித்த நீர்ப்புகாக் கேசிங் நல்லதுதான். ஆனால் அதன் ரப்பர் வளையத்தில் ஒரு முடியோ மணலோ சிக்கினாலும் தண்ணீர் நுழையும். பையின் வாயைத் துடைத்துச் சுத்தமாக வைப்பது சுலபம்.

புதுப் பையில் கைப்பேசியை வைக்கும் முன் சோதித்துவிடுங்கள். ஒரு டிஷ்யூ தாளை மடித்து உள்ளே வையுங்கள். முழுகுவதற்கு இரண்டு கூழாங்கல்லும் போடுங்கள். வாயை மூடிப் பூட்டுகளைத் திருகி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முழுக்கி வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். முதலில் வெளிப்புறத்தை நன்றாகத் துடையுங்கள். இல்லாவிட்டால் வாயில் தங்கிய நீர் உள்ளே சொட்டி, பை கசிகிறது என்று ஏமாறுவீர்கள். தாள் ஒரு மூலையில் நனைந்திருந்தாலும் அந்தப் பை வேண்டாம். இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்வது நல்லது, ஏனென்றால் மடிப்பில்தான் விரிசல் விழும், கண்ணுக்குத் தெரியாது.

பைக்குள் கைரேகை வேலை செய்யாது, எண் பூட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரை சரியாகத் தொடுபடவில்லை என்றால் உள்ளே காற்று அதிகம். மூடும் முன் உள்ளங்கையால் காற்றை வெளியே தள்ளுங்கள். சில கைப்பேசிகளில் தொடு உணர்திறனைக் கூட்டும் அமைப்பும் உண்டு. மழைத் துளி விழும்போது திரை தானாகத் திறந்து மூடும் என்பதால் படம் எடுக்க ஒலிப் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் நேரத்தில் காற்றில் ஈரம் மிகுதி. அந்தக் காற்றையே பைக்குள் அடைத்துக்கொண்டு, பிறகு குளிரூட்டிய கிளினிக்குக்கோ வங்கிக்கோ போனால் உள்ளே பனி படியும், கேமரா மங்கும். ஒரு கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கைப்பேசிக்குப் பின்னால் வைத்தால் போதும். நிறம் மாறும் வகையாக இருந்தால், மாறியதும் புதிதாக மாற்றுங்கள்.

‘என் கைப்பேசியே ஐ.பி. 68, பை எதற்கு?’ என்று கேட்கலாம். ஐ.பி. என்பது தூசும் தண்ணீரும் புகாமல் தாங்கும் தர எண். ஐ.பி. 67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 68இல் ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளர் சொல்வார். இரண்டுமே புதுக் கைப்பேசியை நல்ல தண்ணீரில் வைத்துச் சொன்னவை. கீழே விழுந்து சட்டம் வளைந்ததும், கடையில் திரை மாற்றியதும் அந்த உறுதி போய்விடும். வியர்வையிலும் உர நீரிலும் உப்பு உண்டு. பொட்டாசியம் குளோரைடு உரம் கலந்த ஈரம் சார்ஜ் துளைக்குள் போனால், காய்ந்த பிறகும் உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும்.

சாதாரணக் கேசிங்கோடு நனைந்துவிட்டால் முதல் வேலை கேசிங்கைக் கழற்றுவதுதான். உறைக்கும் உடலுக்கும் நடுவே தங்கும் நீர் மணிக்கணக்கில் வற்றாது; பொத்தான் ஓரத்தில் நின்று உள்ளே இறங்கும். துளை கீழே பார்க்குமாறு பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் சார்ஜரைத் தொடாதீர்கள். ஈர எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் முழுதும் விடலாம். அரிசிக்குள் புதைப்பதால் தூசும் மாவும்தான் துளைக்குள் போகும். முடி உலர்த்தும் கருவியின் சூடு ஒட்டுப்பசையை இளக்கும்.

பேட்டரி கேசிங்

தோட்டத்தின் உட்பகுதிகளில் சிக்னல் கோடு ஒன்றோ இரண்டோதான் எரியும். சிக்னல் குறையும்போது கைப்பேசி அதிக சக்தியோடு அலை அனுப்பும். அதனால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உடலும் சூடாகும். பேட்டரி கேசிங் வாங்கும் எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ஏற்கனவே சூடான கைப்பேசியின் முதுகில் இன்னொரு பேட்டரியைப் போர்த்துகிறீர்கள். ஐபோனை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மதிய வெயிலில் நிறுத்திய லோரிக்குள் அதைத் தாண்டிவிடும். சூடு மிஞ்சினால் கைப்பேசியே சார்ஜை மெதுவாக்கும் அல்லது நிறுத்தும். லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது சூடுதான்.

ஆகவே பெரும்பாலோருக்குச் சொல்லக்கூடியது: 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட சிறிய பவர் பேங்க் ஒன்றைத் தனியாக வாங்கி, தண்ணீர்ச் சோறு இருக்கும் பையில் வையுங்கள். கைப்பேசி மாறினாலும் அது உதவும். பேட்டரி கேசிங்கோ ஒரே மாடலுக்குத்தான் பொருந்தும்.

இரண்டு கையும் வேலையில் இருப்பதால் கம்பி தொங்கக் கூடாது, கேசிங்தான் வேண்டும் என்றால் சிலவற்றைக் கவனியுங்கள். அட்டையில் 5,000 என்று இருந்தால் கைப்பேசிக்குள் போய்ச் சேருவது ஏறக்குறைய 3,000 முதல் 3,500 வரைதான். உள்ளிருக்கும் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றி, கைப்பேசி அதை மீண்டும் இறக்கிக்கொள்ளும்போது மீதி சூடாகப் போய்விடுகிறது. கேசிங்கின் விசையை எப்போதும் எரியவிடாதீர்கள். கைப்பேசி 20, 30 விழுக்காட்டுக்கு இறங்கியதும் நிழலில் இருக்கும்போது போடுங்கள், 80 வந்ததும் அணையுங்கள். வாங்கும்போது கேசிங்கின் துளை வழியாகத் தரவும் போகுமா என்று கேளுங்கள். பலவற்றில் சார்ஜ் மட்டுமே போகும், காரின் திரையோடு இணைக்க முடியாது. இரவில் சார்ஜ் செய்ய சிரிம் (மலேசியத் தரச் சான்று நிறுவனம்) முத்திரை உள்ள மூன்று முள் அடாப்டரைப் பயன்படுத்துங்கள். மெத்தையின் மேல் வைக்காதீர்கள்.

கார்டும் காந்தமும்

கார்டு வைக்கும் கேசிங்கில் ஒரே ஒரு கார்டு. மைகாட் (அடையாள அட்டை), வங்கிக் கார்டு, டோல் கட்டும் டச் ’ன் கோ கார்டு மூன்றையும் திணித்தால், டோலில் தொடும்போது கருவிக்கு எதைப் படிப்பதென்று தெரியாமல் பிழை காட்டும். கைப்பேசியின் முதுகில் உள்ள, தொட்டுப் படிக்கும் என்.எஃப்.சி. கம்பிச்சுருளும் அந்தக் கார்டைப் படிக்க முயன்று அடிக்கடி ஒலி எழுப்பும். தேவையில்லாதபோது அதை அணைத்து வையுங்கள். மைகாட்டைக் கைப்பேசியோடு சேர்க்கவே வேண்டாம். எப்போதும் கையில் இருக்க வேண்டிய ஆவணம் அது. கைப்பேசி தொலைந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

காந்தத்தால் சிப்புக்கு ஆபத்தில்லை. கறுப்புக் காந்தப் பட்டைக்குத்தான் ஆபத்து. அதிலும் ஓட்டல் அறைக் கார்டு போன்றவற்றின் பட்டை சீக்கிரம் அழியும். ஆகவே காந்த வளையத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவே எந்தக் கார்டும் இருக்கக் கூடாது. காந்தம் பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி தவறும். கேமராவின் அதிர்வு தாங்கும் பாகமும் ஒழுங்காக வேலை செய்யாமல் படம் கலங்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கும் பெரியவர்கள் இப்படிப்பட்ட கேசிங்கைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. நெஞ்சிலிருந்து 15 செ.மீ.க்கு மேலும், கம்பியில்லா சார்ஜ் ஏறும்போது 30 செ.மீ.க்கு மேலும் தள்ளி இருக்க வேண்டும்.

கம்பியில்லா சார்ஜ் உங்களுக்கு வேண்டுமென்றால் வட்டத் தகடு ஒட்டிய கேசிங் உதவாது, தகடுதான் சூடாகும். நடுவில் திறந்த வளையம் சரி, அதுவும் சார்ஜ் ஏற்றும் சுருளின் மையத்தில் அமைய வேண்டும். கேசிங்கின் தடிப்பு 3 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

விரல் வளையம், மேசை நிறுத்தி போன்றவற்றை ஒட்டுவதற்கு முன் கேசிங்கை ஆல்கஹால் துணியால் துடைத்து உலரவிடுங்கள். அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் தொங்கவிடாமல் வையுங்கள்; நல்ல நுரைப் பசை முழுப் பிடிப்புக்கு வர மூன்று நாள் ஆகும். வழுவழுப்பான சிலிக்கான் உறையில் எந்தப் பசையும் நிற்காது. அதற்கு வார்த் துளை உள்ள உறையே சரி.

கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) கைப்பிடியில் கைப்பேசியை மாட்டுபவர்கள் அதிர்வு தாங்கும் ரப்பர் உள்ள பிடியை வாங்க வேண்டும். எஞ்சின் அதிர்வு கேமராவின் நிலைநிறுத்தியைக் கெடுக்கும் என்று ஆப்பிள் 2021இல் எச்சரித்தது. கறுப்பு ஜிப் பைக்குள் வைத்து வெயிலில் ஓட்டினால் சூடும் சேர்ந்துகொள்ளும்.

கழுவுதல், மாற்றுதல்

வாரம் ஒருமுறை கேசிங்கைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதும் உலர்ந்தபின் மாட்டுங்கள். உள்ளே தங்கும் செம்மண் துகள் கைப்பேசியின் முதுகை உப்புத்தாள்போல் தேய்க்கும். ரப்பர் பால் பட்டுவிட்டால் ஈரத்தோடு துடைக்காதீர்கள், துளைகளுக்குள் பரவும். காயவிட்டு விரலால் உருட்டினால் தானாக உரிந்து வரும். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். கொசு மருந்து பூசிய கையால் பிடிப்பதும் கெடுதல்: அதிலுள்ள டீட் பிளாஸ்டிக்கை இளக்கும், கேசிங் பிசுபிசுக்கும். கையின் உட்புறத்தைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

ஒளிபுகும் கேசிங் மஞ்சளாவது வெயிலாலும் சூட்டாலும்தான். அதனால் பாதுகாப்பு உடனே குறைவதில்லை. மூலை தளர்ந்து கைப்பேசி உள்ளே ஆடினால்தான் மாற்ற வேண்டும். பேட்டரி கேசிங் மட்டும் வேறு. முதுகு சற்று உப்பினாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ அன்றே கழற்றுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. சிமென்டுத் தரையில், எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாமல் வைத்துவிட்டு, குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.