புகைமூட்ட நாளில் மூக்கை நம்பாதீர்கள்

சிங்கப்பூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் சுமத்ராவின் சதுப்பு நிலங்கள் பற்றிக்கொண்டால், புகை கடல் தாண்டி நம் வீட்டு ஜன்னலுக்கே வந்துவிடும். அங்கே மரம் மட்டும் எரிவதில்லை. மட்கிய மண்ணும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அதனால் இங்கே ஒரு மழை பெய்ததும் 'சரி, முடிந்தது' என்று நினைப்பதுதான் முதல் தவறு. காற்று திசை மாறாவிட்டால் மறுநாளே திரும்ப வரும்.

அடுத்தது, மூக்கையும் கண்ணையும் நம்புவது. கருகல் வாடை கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், புகை அப்படியே இருக்கும். சூரியன் செம்பழம் மாதிரி தெரிவது படமெடுக்க அழகுதான். நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடித்துவிட, சிவப்பு மட்டும் நம்மிடம் வந்து சேர்வதால் வரும் நிறம் அது. ஆனால் நிறத்தை வைத்துப் புகையின் அளவைச் சொல்ல முடியாது.

எண்ணைப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் தவறான எண்ணைத்தான் பார்க்கிறார்கள். 24 மணி நேர பிஎஸ்ஐ, அதாவது காற்று மாசுக் குறியீடு, ஒரு சராசரி. நிலைமை சட்டென்று மோசமானால் அது மெதுவாகத்தான் ஏறும். நாளைய திட்டத்துக்கு அதன் முன்னறிவிப்பு போதும். இப்போது ஓடப் போகலாமா என்றால், உங்கள் வட்டாரத்தின் ஒரு மணி நேர பிஎம்2.5, அதாவது நுண்துகள் அளவைப் பாருங்கள். அது 55 வரை இருந்தால் வழக்கமான நிலை. 2013 ஜூன் 21 நண்பகலில் மூன்று மணி நேர பிஎஸ்ஐ 401-ஐத் தொட்டது. பிஎஸ்ஐ 300-ஐத் தாண்டினாலே அபாயகரம்.

மருத்துவமனையில் தரும் சாதாரண முகக்கவசம் இந்தத் துகள்களுக்கு உதவாது. என்95 வேண்டும். அதிலும் மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாதபடி போட வேண்டும். தாடி வைத்திருந்தால் சரியாகப் படியாது.

எங்கள் வீட்டில் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, புகை வாடை போகட்டும் என்று அம்மா சாம்பிராணி போட்டார். வெளிப்புகைக்குப் பயந்து உள்ளே புகை! ஊதுபத்தி, வறுவல், பொரியல் எல்லாமே அந்த நாட்களில் குறையட்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மேலே எழும்பும். ஈரத்துணியால் துடைப்பதே மேல். அளவு இறங்கியதும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கழியில் காயும் துணியை மட்டும் மறக்காமல் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இன்னொரு முறை துவைக்க வேண்டியதுதான்.