கப்பலில் ராத்திரி சாப்பாட்டுக்கு எதை உடுத்துவது?

போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். சிங்கப்பூரிலிருந்து நாலு ராத்திரி கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டதாம். "அண்ணி, ஒரு நாள் ஃபார்மல் நைட்டுன்னு போட்டிருக்கான். இவர்கிட்ட இருக்கிறது கல்யாணத்துக்குத் தைச்ச கோட்டு. இப்ப அதுல ஒரு கைதான் நுழையுது. என்ன பண்றது?" என்றாள். புதிதாக எதுவும் தைக்காதே என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

என் மகள் இருப்பது சவுத்தாம்ப்டனில். இங்கிலாந்தில் பெரிய பயணிகள் கப்பல்கள் கிளம்புகிற ஊர் அது. கும்பகோணத்திலிருந்து நாங்கள் அவளைப் பார்க்கப் போனால், மாப்பிள்ளை முன்கூட்டியே ஏதாவது ஒரு கப்பலுக்கு டிக்கெட் போட்டு வைத்திருப்பார். அப்படி இதுவரை ஐந்து கப்பல் ஏறியாயிற்று. ஐந்திலும் உடை விதி ஐந்து விதம்.

முதலில், பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரே விஷயத்துக்குக் கப்பல் கம்பெனிகள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். கார்னிவலில் 'குரூஸ் எலிகன்ட்', குனார்டில் 'காலா ஈவினிங்'. செலிப்ரிட்டி 2015 கடைசியில் ஃபார்மல் நைட்டை எடுத்துவிட்டு 'ஈவினிங் சிக்' என்று மாற்றிக்கொண்டது. நார்வீஜியன் 2000-லேயே 'ஃப்ரீஸ்டைல்' என்று சொல்லி, கட்டாயத்தையே விட்டுவிட்டது. வைக்கிங்கில் ஃபார்மல் நைட்டே கிடையாது. நான் இதையெல்லாம் நம் ஊர்க் கணக்குக்கு மாற்றி வைத்திருக்கிறேன். கேஷுவல் என்றால் கொலுவுக்கு அழைத்த வீட்டுக்குப் போகிற மாதிரி. ஸ்மார்ட் கேஷுவல் என்றால் நிச்சயதார்த்தம். ஃபார்மல், காலா, எலிகன்ட் எல்லாம் முகூர்த்தம். கொலுவுக்குக்கூட யாரும் அரை டிரவுசரில் போக மாட்டோம் இல்லையா? அவ்வளவுதான் விஷயம்.

ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த கப்பல்களில், முதல் வகுப்புக்காரர்கள் முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் தவிர தினமும் கறுப்புக் கோட்டுப் போட்டுத்தான் சாப்பிட உட்காருவார்களாம். டிரங்குப் பெட்டி டிரங்குப் பெட்டியாகக் கொண்டு போனார்கள். இப்போது கப்பல் ஏறவே விமானத்தில் வர வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் 23 கிலோ பெட்டியோடு. அதில் ஒரு கோட்டு, அதற்கொரு ஷூ வைத்தால் பாதிப் பெட்டி போச்சு. அலுவலகத்துக்கே டை கட்டாதவர்கள் விடுமுறையில் கட்டுவார்களா? போதாததற்கு, ஒரே கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டது போய், ஒரே கப்பலில் பத்துப் பன்னிரண்டு சாப்பாட்டுக் கடைகள் வந்துவிட்டன.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. விதி கப்பலுக்கு இல்லை, சாப்பாட்டு அறைக்கு. மெயின் டைனிங் ரூமுக்கு ஒன்று, மேல் தளத்து பஃபேக்கு ஒன்று, தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகத்துக்கு இன்னொன்று. ரொம்பக் கண்டிப்பானது என்று பெயரெடுத்த குனார்டின் குயின் மேரி 2 கப்பலிலும் இதே கதைதான். சாயங்காலம் 6 மணிக்கு மேல் பிரிட்டானியா ரெஸ்டாரன்டுக்கு நன்றாக உடுத்திக்கொண்டுதான் போக வேண்டும். காலா ராத்திரியில் ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் என்கிற கறுப்புக் கோட்டு அல்லது அடர்நிற சூட்டும் டையும். அன்றைக்கு அலங்காரம் செய்ய மனமில்லாதவர்கள் கிங்ஸ் கோர்ட் என்ற பஃபேயிலோ, கோல்டன் லயன் பப்பிலோ நிம்மதியாகச் சாப்பிடலாம். அதனால் டிக்கெட் கையில் வந்ததும் அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் பயணத்துக்கு எத்தனை ஃபார்மல் ராத்திரி, எந்தெந்த அறைக்கு அது பொருந்தும் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். ராயல் கரீபியன், கார்னிவல் மாதிரிக் கப்பல்களில் ஐந்து ராத்திரி வரைக்கும் பொதுவாக ஒன்று, ஏழு ராத்திரிக்கு இரண்டு. எந்த நாள் என்பது ஏறிய பிறகு தெரிந்தால் போதும். தினமும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ கப்பலின் ஆப்பிலோ போட்டிருக்கும். பெரும்பாலும் கப்பல் எந்த ஊரிலும் நிற்காமல் கடலிலேயே ஓடுகிற நாளாக இருக்கும். ஊர் சுற்றிவிட்டு வந்து அவசர அவசரமாக உடுத்த வேண்டாம் என்பதற்காக.

முதல் ராத்திரி கிட்டத்தட்ட எல்லாக் கப்பலிலும் கேஷுவல்தான். காரணம், துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவை கேபின் வாசலுக்கு வந்துசேர எத்தனை மணியாகும் என்று சொல்ல முடியாது. எங்கள் முதல் பயணத்தில் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வந்தது. (எந்தக் கப்பல் என்று சொல்லப்போவதில்லை.) இவர் வெயிலுக்காகப் போட்டிருந்த அரை டிரவுசரோடு டைனிங் ரூம் வாசலில் நின்றார். வாசலில் இருந்த பையன் சிரித்த முகத்தோடு, "சார், மேலே பஃபே இன்னும் திறந்திருக்கிறது" என்றான். இவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "காசு கொடுத்துட்டு வாசல்ல நிக்கணுமா?" என்று லிஃப்ட் முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார். கேஷுவல் என்றாலும் ராத்திரி டைனிங் ரூமில் ஆண்களுக்கு முழு பேன்ட்டும் காலர் வைத்த சட்டையும் இருந்தால்தான் நிச்சயம். அதிலிருந்து கைப்பையில் அவருக்கு ஒரு பேன்ட்டு, எனக்கொரு புடவை, மருந்து டப்பா, இந்த மூன்றும் இல்லாமல் நான் கப்பல் ஏறுவதில்லை.

இனி நம் உடைக்கு வருவோம். குனார்டின் விதியிலேயே, டின்னர் ஜாக்கெட்டுக்குப் பதில் அவரவர் நாட்டு மரபு உடையும் போடலாம் என்று இருக்கிறது. அதை நம்பித்தான் இவர் குயின் மேரியில் காலா ராத்திரிக்கு வேட்டி கட்டினார். எட்டு முழ வேட்டிதான் சரி. நாலு முழம் அந்த விளக்கு வெளிச்சத்தில் மெல்லிசாகத் தெரியும். வெள்ளை முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம், உள்ளே அந்தப் பச்சை பெல்ட். கேபின் சாவி என்பது ஒரு அட்டைதான், பெல்ட்டின் பையில் அழகாக உட்கார்ந்துகொண்டது. செருப்பு மட்டும் கூடாது. ஆண்கள் விரல் தெரிகிற செருப்போடு வருவதைப் பல டைனிங் ரூம்களில் விடுவதில்லை. முன்பக்கம் மூடிய கறுப்பு கட் ஷூ போட்டுக்கொண்டார். லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கட்டம் போட்ட கில்ட்டோடு, அதாவது அவர்கள் ஊர் ஆண்கள் கட்டுகிற பாவாடையோடு, வந்தார். இருவரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "உங்களுடையதில் ஊசி உண்டா?" என்று அவர் கேட்டார். இவர் சட்டையைத் தூக்கிப் பச்சை பெல்ட்டைக் காட்டினார். அப்புறம் மிச்ச நாளெல்லாம் காலைக் காபி இருவருக்கும் ஒரே மேஜையில்தான். மற்ற கம்பெனிகளில் வேட்டிக்கு எப்படி என்று புறப்படும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். பதில் வந்தால் அதை போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புடவைக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் கப்பலில் புடவை கட்டுவது ஒரு தனி வித்தை. கேபினில் படுக்கைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடிதான் இடம். சவுத்தாம்ப்டனிலிருந்து ஸ்பெயின் பக்கம் போகும்போது பிஸ்கே விரிகுடாவில் கப்பல் ஆடினால், மடிப்பை எடுத்துச் செருகுவதற்குள் நாமே கட்டில் மேல் உட்கார்ந்துவிடுவோம். அதனால் ஊரிலேயே ப்ரீ ப்ளீட்டிங் செய்து, பின் குத்தி, பெட்டி மாதிரி மடித்துக் கொண்டு போகிறேன். ஐந்து நிமிஷத்தில் கட்டிவிடலாம். கனமான ஜரிகைப் பட்டு வேண்டாம், பெட்டியின் எடையைத் தின்றுவிடும். என்னிடம் திருபுவனம் பட்டு இருக்கிறது, அது பீரோவிலேயே இருக்கட்டும். சாஃப்ட் சில்க் ஒன்று, கசங்காத கிரேப் சில்க் ஒன்று, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே ரவிக்கை. ஏழு ராத்திரிக்கு இதுவும் இரண்டு சல்வாரும் போதும். முதல் ஃபார்மலில் கட்டியதை இரண்டாவதிலும் கட்டினால் யார் கணக்கெடுக்கப் போகிறார்கள்? குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். ஒரு சால்வை கட்டாயம் வேண்டும், டைனிங் ரூம் ஏசியில் சாம்பார்கூட உறைந்துவிடும். சாப்பிட்டதும் போட்டோ எடுக்கலாம் என்று திறந்த தளத்துக்குப் போகிறவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். எனக்குக் காற்று முந்தானையை முகத்திலேயே அடித்து, மூக்குக் கண்ணாடி கடலுக்குப் போகத் தெரிந்தது.

காட்டன் புடவையைக் கொண்டு போகாதீர்கள். தீப்பிடிக்கும் என்பதால் இஸ்திரிப் பெட்டியைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். பெட்டியை ஸ்கேன் செய்யும்போதே எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். சில கப்பல்களில் நாமே தேய்த்துக்கொள்ள ஒரு அறை இருக்கும், ஃபார்மல் ராத்திரி அன்றைக்கு அங்கே ரேஷன் கடை வரிசை. நான் செய்வது, துணியைக் குளியலறையில் மாட்டிவிட்டு வெந்நீரைத் திறந்து குளிப்பது. அந்த ஆவியிலேயே பாதிக் கசங்கல் போய்விடும். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடுதான். நாலு காந்தக் கொக்கி வாங்கிப் போனால் சட்டை, புடவை, துண்டு எல்லாம் தொங்கவிடலாம்.

டைனிங் ரூமில் சாப்பிடும் நேரம் இரண்டு பந்தியாக இருந்தால், எட்டு மணிக்கு மேல் நடக்கிற இரண்டாம் பந்தியைக் கேளுங்கள். ஆறு மணிப் பந்திக்கு ஊர் சுற்றிவிட்டு வந்து குளிக்கக்கூட நேரம் இருக்காது. இன்னொன்று, ஃபார்மலைத் தவிர வேஷம் போடுகிற ராத்திரிகளும் வந்துவிட்டன. வர்ஜின் வாயேஜஸில் ஒரு ராத்திரி எல்லோரும் சிவப்பு, டிஸ்னி கப்பலில் கடற்கொள்ளையர் வேஷம், வேறு சிலதில் முழுக்க வெள்ளை. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. நான் ஒரு சிவப்பு துப்பட்டாவோடு சமாளித்துவிட்டேன். இவர் எல்லாவற்றுக்கும் வேட்டி.

கடைசி ராத்திரியும் கேஷுவல்தான், ஏனென்றால் அன்றைக்கே பெட்டிகளைக் கட்டி கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துப் போய்விடுவார்கள், காலையில் கரையில்தான் கிடைக்கும். மறுநாள் போட வேண்டியதைத் தனியாக எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்ட வேண்டும். இதை நாங்கள் கற்றுக்கொண்டது போன வருஷம். பெட்டியை எடுத்துப் போன பிறகு படுக்கப் போனவர், "என் பேன்ட்டு எங்க?" என்றார். எல்லாப் பேன்ட்டும் பெட்டியில். சாப்பாட்டுக்குக் கட்டிய வேட்டிதான் மிச்சம். மறுநாள் காலை சவுத்தாம்ப்டனில் எட்டு டிகிரி குளிர், தூறல். வேட்டி, மேலே ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. கார் நிறுத்தத்தில் காத்திருந்த மகள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "அப்பா, கப்பல்லேயும் முகூர்த்தமா?" என்றாள்.