முந்திரிக்கொட்டையை வைத்து பேட்டன்ட் தேடுவது எப்படி: கணினித் தேடலும் ஆள் போட்ட குறியீடும்

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் மெஷின் செய்யும் என் அக்கா மகன், ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்தான்.

"மாமா, பிளேடு ரெண்டையும் ஸ்பிரிங்ல விட்டு, கொட்டை சைஸுக்குத் தானா ஒதுங்குற மாதிரி பண்ணியிருக்கேன். கூகுள்ல தேடிட்டேன், உலகத்துலயே யாரும் பண்ணல. பேட்டன்ட் போட்டுடலாமா?"

"என்னன்னு அடிச்சுத் தேடுன மாப்ள?"

"கேஷ்யூ கட்டிங் மெஷின்னு."

சிக்கல் அங்கேதான். பேட்டன்ட், அதாவது காப்புரிமை, கேட்டு மனு எழுதுகிறவர் முந்திரி என்ற சொல்லைத் தொடாமலே முழு மனுவையும் எழுதிவிடலாம். முந்திரி என்று எழுதினால் உரிமையும் முந்திரியோடு நின்றுவிடும். அதனால் "கடின ஓடுள்ள கொட்டையைப் பிளக்கும் சாதனம்" என்று அகலமாக எழுதுவார்கள். ஸ்பிரிங்கையும் ஸ்பிரிங் என்று எழுத மாட்டார்கள். "ரெசிலியன்ட் மெம்பர்", "பயஸிங் மீன்ஸ்" என்றெல்லாம் இருக்கும். அன்று மதியம் நாங்கள் தேடிய வரிசையை அப்படியே தருகிறேன். உங்கள் சரக்கு வேறாக இருந்தாலும் வழி இதுதான்.

படி 1: பெயரை விடுங்கள், வேலையைச் சொல்லுங்கள்

ஒரு தாளில் ஒரே வாக்கியம். "வளைந்த கடின ஓட்டை, உள்ளே பருப்பு உடையாமல், அளவுக்கு ஏற்ப ஒதுங்கும் இரு பிளேடுகளால் வெட்டுவது." ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றுச் சொற்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நட், கெர்னல், ஷெல், கட்டிங், கிராக்கிங், ஹஸ்கிங், டீகார்ட்டிகேட்டிங்.

படி 2: கணினியிடம் கேளுங்கள்

கூகுள் பேட்டன்ட்ஸ் போதும், இலவசம். அந்தச் சொற்களைப் போட்டுத் தேடி, ஓரளவு ஒத்துவரும் பத்து ஆவணங்களை மட்டும் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் "சிமிலர் டாக்குமென்ட்ஸ்" என்று ஒரு பட்டியல் வரும். கணினியே உரையை ஒப்பிட்டுத் தருவது அது, அதையும் ஒரு கண் பாருங்கள். இந்த வழி வேகமானது, முன்னறிவு எதுவும் வேண்டாம். ஆனால் எழுத்தில் உள்ளதை வைத்துத்தான் அது யோசிக்கும். எழுத்தே சரியில்லாத இடத்தில் தடுமாறும். 1976க்கு முந்தைய அமெரிக்கக் காப்புரிமைகள் ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்தாக்கியவை, அதில் எழுத்துப் பிழைகள் ஏராளம்.

படி 3: அதே பக்கத்தில் ஆள் போட்ட முத்திரையைத் தேடுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். எடுத்து வைத்த ஆவணத்தைத் திறந்து "கிளாஸிஃபிகேஷன்ஸ்" என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே ஏ23என்5/00 என்பதுபோல ஒரு குறியீடு இருக்கும் (தேடும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்). கொட்டைகளின் மேலுறை நீக்கும், உடைக்கும் இயந்திரங்களுக்கான இடம் அது. அந்த முத்திரை காப்புரிமை அலுவலகத்தின் வகைப்பாட்டு வேலை. இப்போது அதற்கும் கணினி கைகொடுப்பதுண்டு என்றாலும், அடிப்படை மனிதர் படித்துப் பிரித்ததுதான். இதே பக்கத்தின் கீழே "கான்செப்ட்ஸ்" என்று ஒரு பட்டியல், பக்கத்திலேயே "மெஷின் எக்ஸ்ட்ராக்டட்" என்று சின்னதாக எழுதியிருக்கும். ஆளின் கணிப்பும் கணினியின் கணிப்பும் ஒரே திரையில்!

குறியீட்டில் இரண்டு வகை. ஐபிசி என்பது 1971 ஸ்ட்ராஸ்பூர் ஒப்பந்தத்தில் பிறந்த பன்னாட்டு வகைப்பாடு, 70,000க்கும் மேற்பட்ட பிரிவுகள். சிபிசி என்பது ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் சேர்ந்து 2013இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, சுமார் 2.5 லட்சம் பிரிவுகள். (வக்கீல் நண்பர்கள் இரண்டு பெயரையும் கேட்டுக் கோர்ட்டு ஞாபகத்தில் திடுக்கிட வேண்டாம்.)

பத்து ஆவணங்களிலும் திரும்பத் திரும்ப வரும் குறியீடுகளை எண்ணுங்கள். ஒரே மெஷின் பல இடத்தில் உட்காரும். வறுக்கும் டிரம் இருந்தால் ஏ23என்12/08, பருப்பை நிறம் பார்த்துப் பிரித்தால் பி07சி5/342.

படி 4: குறியீட்டை மட்டும் வைத்துத் தேடுங்கள்

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளத்தில் வகைப்பாட்டுத் தேடல் உண்டு. குறியீட்டின் விளக்கத்தை முதலில் படித்துவிட்டுத் தேடுங்கள். இதன் பெரிய பலம் மொழி தடையில்லாதது. பிரெஞ்சில் "நுவா த கஜூ" என்று எழுதியதும் சீன மொழியில் எழுதியதும் அதே பெட்டியில்தான் கிடக்கும். பிரெஞ்சு தெரிந்தவர்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள், சீனத்துக்கு யாரைக் கேட்பது?

குறை என்ன? பெட்டி பெரிது. நிலக்கடலைத் தோல், தேங்காய் மட்டை எல்லாமே இந்தப் பெட்டியின் கிளைகள்தான். தவறான பெட்டியில் போடப்பட்டதும் உண்டு. அதனால் அடுத்து, குறியீட்டோடு ஒரே ஒரு சொல் மட்டும் சேர்த்துச் சுருக்குங்கள். இரண்டாவது சொல் சேர்த்தால் மறுபடி பழைய சிக்கல்தான்.

நூலகத்தில் ஒரு புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று தீர்மானிப்பது சின்ன வேலை இல்லை. சிதம்பரம் தாண்டி சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்தவர். வகைப்பாட்டுக் குறியீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

படி 5: மூன்று பத்தி

எக்ஸெல்லில் மூன்று பத்தி (நெடுவரிசை): இரண்டு வழியிலும் வந்தவை, கணினியில் மட்டும் வந்தவை, குறியீட்டில் மட்டும் வந்தவை. முதல் பத்தியை அவசரமாகப் பார்த்தால் போதும். நேரத்தை மற்ற இரண்டில் போடுங்கள். ஒரு வழி கண்ணை மூடிக்கொண்ட இடம் மற்றதில்தான் தெரியும். இரண்டாம் பத்தியில் நல்ல ஆவணம் இருந்தால், அதன் குறியீட்டை எடுத்து மறுபடி படி 4க்குப் போங்கள்.

படி 6: நம் நாட்டு மனுக்கள்

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் ஐபிசி குறியீடு போட்டுத் தேடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: மனுக்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். நேற்று கொடுத்தது எந்த வழியிலும் கிடைக்காது. தமிழ்நாடும் புதுச்சேரியும் கிண்டியில் உள்ள சென்னை அலுவலகத்தின் கீழ் வருகின்றன.

எங்கள் மூன்றாம் பத்தியில் அக்ரூட் உடைக்கும் பழைய அமெரிக்க ஆவணம் ஒன்று வந்தது. முந்திரி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. படத்தில் மட்டும் ஸ்பிரிங், எதிரெதிரே இரண்டு தாடை. மாப்பிள்ளை செல்போனில் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாமா, இவன் நசுக்குறான். நான் வளைவு மேல கோடு பிடிச்சு வெட்டுறேன். பருப்பு முழுசா வரணும்னா அதான் வழி."

"அப்போ அந்தக் கோட்டை எழுது. ஸ்பிரிங்கை நம்பாத."

காப்பி ஆறிப்போயிருந்தது. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் புது வாக்கியம் எழுத ஆரம்பித்தான்.