எச்.ஐ.வி. உள்ளவருக்கு உதவுகிறேன் என்று கிளம்பும் முன்: நம் டர்பன் வீடுகளில் நடக்கும் தவறுகள்

தென் ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 80 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். உலகில் வேறு எந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை, அதிலும் நம் குவாசுலு-நடால் மாகாணத்தில்தான் பல வருடங்களாகப் பாதிப்பு அதிகம். இதற்கு நடுவில் குடியிருந்துகொண்டே, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் 'அதெல்லாம் நம்ம ஆட்களுக்கு வராது' என்று இன்னும் பேசுகிறவர்கள் உண்டு. வருகிறது. வந்த பிறகு சொந்தக்காரர்களும் கோயில் சங்கத்துக்காரர்களும் கைவிட்டுவிடுவதில்லை, உதவத்தான் வருகிறார்கள், ஆனால் வருகிற விதத்தில்தான் கோளாறு.

முதல் தவறு, அவர் சொல்ல வேண்டியதை நாம் சொல்லிவிடுவது. மகன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருப்பான், அம்மா 'பிரார்த்தனை பண்ணட்டுமே' என்று தங்கை காதில் போடுவாள், தங்கை ஃபேமிலி வாட்ஸ்அப்பில் 'பெயர் சொல்லவில்லை, நம் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்காக எல்லாரும் விளக்கேற்றுங்கள்' என்று போடுவாள், மறுநாள் காலைக்குள் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே கதை இருக்கிறது. 1998 டிசம்பரில், ஃபீனிக்ஸுக்குப் பக்கத்து குவாமாஷுவில், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன குகு டிலாமினியை அக்கம்பக்கத்தாரே அடித்துக் கொன்றார்கள். டர்பன் நடுவில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது, நம்மில் பாதிப் பேர் ஷாப்பிங் போகும்போது அதன் வழியாக நடந்திருப்போம். அன்றைக்கும் இன்றைக்கும் நிலைமை ஒன்றல்ல, சரி. ஆனாலும் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவர் முடிவு, அம்மாவுடையதுகூட இல்லை.

இந்த ரகசியத்தைக் காப்பாற்றப் போய் வருகிற தவறு இன்னும் மோசம், ஏனென்றால் அது நேராக எச்.ஐ.வி. மாத்திரையில் கை வைக்கிறது. பக்கத்து கிளினிக்கில் வேலை செய்கிற சிஸ்டர் அத்தைக்குத் தெரிந்தவர் என்பதால், வீட்டில் எல்லாரும் சேர்ந்து எச்.ஐ.வி. உள்ளவரை இரண்டு டாக்ஸி மாறிப் போகிற தூரத்து கிளினிக்குக்கு அனுப்புவார்கள். முதல் சில மாதம் போவார். அப்புறம் லீவு கிடைக்காது, டாக்ஸி காசு இருக்காது, ஒரு மாதம் விட்டுப்போகும், அது மூன்று மாதமாகும். தூரத்தால் கிடைத்த ரகசியம் உடம்பு படுத்த படுக்கையாகும்போது தானாக உடைந்துவிடும். இதற்குப் பதில் பக்கத்திலேயே ஆரம்பித்து, இரத்தத்தில் வைரஸ் அளவு அடங்கி உடம்பு நிலையானதும் டப்லாப் மெட்ஸ் திட்டத்தில் சேர்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். அரசு மாத்திரையையே கிளிக்ஸ், டிஸ்-கெம் மாதிரி மருந்துக் கடைகளில் பொட்டலமாக வாங்கிக்கொள்ளலாம். பிரஷர் மாத்திரைக்கும் அதே வரிசைதான், உள்ளே என்ன என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியப் போவதில்லை.

வீட்டுக்குள் இன்னொன்று நடக்கும். டப்பா கலகலவென்று சத்தம் போடுகிறது, லேபிளை யாராவது படித்துவிடுவார்கள் என்று மாத்திரைகளை டிஷ்யூவில் சுருட்டி பர்ஸிலும் அரிசி டின்னுக்குப் பின்னாலும் வைப்பது. டர்பன் புழுக்கத்தில் அது ஈரம் இழுக்கும், எத்தனை சாப்பிட்டோம் என்ற கணக்கும் போய்விடும். டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னப் பை போட்டிருப்பது சும்மா இல்லை. இரண்டு நாளுக்கு உண்டானதைச் சின்ன டப்பியில் எடுத்துவிட்டு மற்றதை அதன் டப்பாவிலேயே வையுங்கள்.

விரத காலம் வந்தால் அடுத்த குழப்பம். காவடிக்குப் பத்து நாள் விரதம், புரட்டாசி முழுக்க மரக்கறி, 'இந்த நாளில் இங்கிலீஷ் மருந்து வேண்டாம், முருகன் பார்த்துக்கொள்வான்' என்று ஆயா சொல்லுவார். இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று, சாப்பிட்டும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். விரதத்துக்கும் அதற்கும் ஒரு சண்டையும் இல்லை. அதே கோயிலில் 'நீ இந்த வருஷம் காவடி எடுக்க வேண்டாம்' என்று தனியே கூப்பிட்டுச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு இதைக் கேட்டால்தான் கோபம் வருகிறது. அலகு குத்தும் ஊசி ஆளுக்கொன்று, சுத்தமானது என்பது எல்லாருக்கும் பொதுவான விதியாக இருக்க வேண்டும். ஒருவரை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்கு ஒரே ஊசியை மாற்றி மாற்றிக் குத்தினால் யாரைக் காப்பாற்றினோம்?

நாட்டு மருந்து விஷயத்தில் இந்த நாடே ஒரு தடவை விலை கொடுத்திருக்கிறது. சுகாதார அமைச்சரே பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை என்று பேசிய காலம் அது, குழந்தைக்கு எச்.ஐ.வி. போகாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கச் சொல்லி, மருந்துக்காகப் போராடும் அமைப்பான ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் ஜெயிக்க வேண்டியிருந்தது, அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.வி. மாத்திரை கிடைக்க ஆரம்பித்ததே 2004இல்தான். ரசத்தில் பூண்டு போடுங்கள், யார் வேண்டாம் என்றது, மாத்திரைக்குப் பதிலாகப் போடாதீர்கள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்ந்தால் அது உடம்பில் சரியாக ஏறாது, அலுமினியம், மெக்னீசியம் உள்ள நெஞ்செரிச்சல் மருந்து சாப்பாட்டோடு சேர்ந்தாலும் அப்படித்தான், அதனால் என்ன வாங்கிக் கொடுத்தாலும் சிஸ்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

நம்மவர்களிடம் அதிகம் கவனிக்க வேண்டியது சுகர். சுகருக்குத் தனியார் டாக்டர், எச்.ஐ.வி.க்கு அரசு கிளினிக், இரண்டு பேருக்கும் ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது, தெரியக் கூடாது என்பதுதான் திட்டமே. டோலுடெக்ராவிர் எடுப்பவர் உடம்பில் மெட்ஃபார்மின் அளவு ஏறும், அதனால் பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. குடும்ப டாக்டர் மாமாவின் நண்பராகவே இருந்தாலும் சொல்லியாக வேண்டும், சொல்ல மனமில்லை என்றால் சுகர் மாத்திரையையும் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்வது மேல்.

தட்டு, டம்ளர் தனியாக எடுத்து வைக்கிற வேலை இன்னும் நடக்கிறதாம். வேண்டாம். தட்டில், டாய்லெட்டில், கட்டிப்பிடித்தால், கொசுக் கடித்தால் எச்.ஐ.வி. பரவாது. மருந்தை ஒழுங்காக எடுத்து வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவு மூலமாகக்கூட அடுத்தவருக்குப் போகாது. கல்யாணம் ஆனவர்கள் இந்த ஒரு வரியைத் தெரியாமல் பிரிந்துபோயிருக்கிறார்கள்.

சங்கத்துக்காரர்களுக்கு இரண்டு விஷயம். மளிகை ஹாம்பர் கொடுத்துவிட்டு போட்டோ எடுத்துப் போடாதீர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு என்று தனி வரிசையும் வேண்டாம், வழக்கமாகக் கொடுக்கிற எல்லாரோடும் சேர்த்துக் கொடுங்கள். அப்புறம், 'எச்.ஐ.வி. இருந்தால் அரசு உதவித்தொகை கொடுக்கும் சாசாவில் டிசபிலிட்டி கிராண்ட் வாங்கிவிடலாம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நோய் இருப்பதை வைத்து அந்தப் பணம் வருவதில்லை, வேலை செய்ய முடியாத நிலையில் இருக்கிறாரா என்று டாக்டர் பார்த்துத்தான் முடிவாகும். கிராண்டுக்காக மாத்திரையை நிறுத்தி உடம்பைக் கெடுத்துக்கொள்கிற யோசனை சிலருக்கு வருவதே இப்படி அரைகுறையாகச் சொல்லிவைப்பதால்தான். அதைவிட, முதலாளி கேட்டார் என்பதற்காக எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை, லேபர் கோர்ட் அனுமதி இல்லாமல் கேட்கவே சட்டம் விடாது என்று சொல்லிக் கொடுங்கள், அது உபயோகப்படும்.

கடைசியாக, 2025 ஆரம்பத்தில் அமெரிக்கப் பணம் நின்று பல தொண்டு நிறுவன கிளினிக்குகள் மூடப்பட்டபோது 'இனி மருந்தே இல்லை' என்று பேச்சுக் கிளம்பி சிலர் அப்படியே வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். போனது பெரும்பாலும் கவுன்சலர்களும் வீடு தேடி வந்தவர்களும், அது பெரிய இழப்புதான், ஆனால் மாத்திரையைப் பெரும்பகுதி வாங்குவது நம் அரசு. போய்க்கொண்டிருந்த இடம் மூடியிருந்தால் பக்கத்து அரசு கிளினிக்குக்குப் போங்கள், பழைய டப்பாவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபர் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தால் அதற்காக மருந்தை மறுக்கக் கூடாது என்று அங்கேயே நின்று கேளுங்கள், தனியாகக் கேட்கத் தயங்குகிறவரோடு கூட ஒருவர் போய் நில்லுங்கள். சந்தேகம் இருந்தால் நேஷனல் எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 0800 012 322, காசு இல்லாமல் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.