துராரே குடும்பம்: எங்கே சறுக்குகிறார்கள்

ஒரு ரொமான்ஸ் மொழி (லத்தீனிலிருந்து பிறந்த மொழி) தெரிந்தவர்கள் அடுத்ததைத் தொடங்கும்போது, அன்று நான் சறுக்கிய அதே இடங்களில் வரிசையாகச் சறுக்குகிறார்கள். 'நீடித்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினை தூராரேயை எடுங்கள். இத்தாலியத்தில் துராரே, ஸ்பானியத்திலும் போர்ச்சுகீசியத்திலும் துரார், பிரெஞ்சில் த்யூரே. எழுத்துப்பிழையும் உச்சரிப்பும் போகப் போகச் சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன்.

ஆளை எழுவாயாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். கூட்டம், மழை, பேட்டரி எல்லாம் எந்த மொழியிலும் நீடிக்கலாம். ஆள்? மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் 'துரே த்ரெஸ் ஆன்யோஸ்' என்றால் 'மூன்று வருஷம் இருந்தேன்', சர்வ சகஜம். 'முடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு' என்பதற்கும் அதே துரே. மாட்ரிட்டில் இந்த இரண்டாவதற்குத் 'தார்தே' என்பார்கள்.

மெக்சிகோ தொடர்கள் பார்த்தே ஸ்பானியம் பிடித்துக்கொண்ட ஒரு மாணவர், பிரான்சில் வேலைக்கு எழுதிய கடிதத்தில் பழைய கம்பெனியைப் பற்றி 'ழே த்யூரே த்ருவா ஸான்' என்று போட்டிருந்தார். அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் காட்டினார். படிக்கிறவர் காதில் அது 'மூன்று வருஷம் எப்படியோ தாக்குப்பிடித்தேன்' என்று விழும். 'ழே த்ரவயே', அதாவது வேலை செய்தேன், என்று எழுதியிருந்தால் போதும். பதிலே வரவில்லை.

நேரம் பிடித்ததைச் சொல்ல பிரெஞ்சில் 'ழே மி ஸுன் ஏர்', இத்தாலியத்தில் 'சி ஓ மெஸ்ஸோ உனோரா'. இரண்டிலும் 'வைத்தல்' என்ற வினைதான் வேலை செய்கிறது. போர்ச்சுகீசியத்தில் 'தெமொரேய்'. ஐவரி கோஸ்ட் பிரெஞ்சில் 'த்யூ ஆ த்யூரே' (ரொம்ப நேரமாக்கிட்டே) உண்டே என்று ஒருவர் வாதாடினார். உண்டுதான். கடிதம் போவது பாரிஸுக்கு, சார்.

இத்தாலியத் துணைவினை

பிரெஞ்சில் 'ஆ த்யூரே' என்று அவுவாரோடு ('உடைத்தாயிருத்தல்' என்ற வினை) முடிந்துவிடும். இத்தாலியத்தில் பெரும்பாலும் எஸ்ஸெரே ('இருத்தல்') வரும், அப்புறம் பாலும் ஒத்துப்போக வேண்டும். படம் 'எ துராத்தோ', கூட்டம் பெண்பால் என்பதால் 'எ துராத்தா'. 'ஆ துராத்தோ'வும் புழக்கத்தில் உண்டு, ஆனால் முதலில் எஸ்ஸெரேயில் பழகுங்கள்.

ஆங்கில 'ஃபார்'

பிரெஞ்சு 'ஆ த்யூரே'வுக்குப் பின்னால், ஆங்கில 'ஃபார்' நினைப்பில் 'பூர்' வேண்டாம். தமிழில் 'இரண்டு மணி நேரம் நீடித்தது' என்கிறோமே, அப்படியே வெறும் காலத்தைப் போடுங்கள்.

ருமேனியம்

'துரெயாஸ' நீடிக்கிறது, 'தொவாரெ' வலிக்கிறது. மருத்துவரிடம் மாற்றிச் சொல்லாதீர்கள்.