உப்புத் தண்ணீரில் முட்டை மிதந்தால் போதுமா?

வாத்து முட்டையை உப்பில் போடும்போது, 'முட்டை மிதந்துவிட்டால் உப்பு சரி' என்று கணக்கு வைப்பது தோட்டத்து வீடுகளில் பழகிப்போன தவறு. புது முட்டை 10-12 சதவீத உப்பிலேயே மிதக்கும். நாள்பட்ட முட்டைக்குள் காற்றறை பெரிதாகியிருக்கும். அது அதற்கும் முன்பே எழும்பிவிடும். தராசில் நிறுத்துப் போடுங்கள்: 1 லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம், அதாவது 20 சதவீதம். கிளாஸ் கணக்கும் ஏமாற்றும். ஒரே கிளாஸில் கல்லுப்பைவிடத் தூளுப்பு எடை கூடுதலாகப் பிடிக்கும்.

உப்பை அள்ளிக் கொட்டியும் பயனில்லை. லிட்டருக்கு 360 கிராம் அளவுக்குமேல் கரையாது. கொதிக்கவைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கரையும், ஆறியதும் அடியில் படிந்துவிடும். முழுக்க ஆறிய பிறகே முட்டைமேல் ஊற்றுங்கள், சூட்டில் ஓடு விரியும்.

சரியான உப்பு இருந்தால் முட்டை கட்டாயம் மிதக்கும். தொல்லையே அங்கேதான்: தண்ணீருக்கு வெளியே நிற்கும் பக்கத்தில் உப்பு ஏறாது, கெட்டும் போகலாம். பிளாஸ்டிக் பையில் அதே உப்புத் தண்ணீரை நிரப்பிக் கட்டி மேலே பாரமாக வையுங்கள். பச்சைத் தண்ணீர் நிரப்பினால், பை ஒழுகும் அன்று ஜாடி முழுக்க நீர்த்துவிடும். 21ஆம் நாள் ஒன்றை அவித்து வெட்டிப் பாருங்கள். மஞ்சள் கரு நடுவரை செம்மஞ்சளாக, எண்ணெய் கசிய இருந்தால் ஆயிற்று. நடுவில் வெளிறி இருந்தால் இன்னொரு வாரம். எத்தனை நாள் ஊறினாலும் அது பச்சை முட்டைதான், அவிக்காமல் தின்னக்கூடாது.

மாங்காயை உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும்போது தண்ணீரை மட்டும் கணக்கிடுவது தவறு. காயும் தண்ணீர் விடும். 1 கிலோ காய், 1 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிராம் உப்பு வேண்டும். மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் வழித்தெடுக்கலாம். கறுப்பு, பச்சைப் பூசணம் என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம், உப்பும் புளிப்பும் சேர்ந்து அரித்துவிடும்.

மிஞ்சிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் ஊற்றாதீர்கள், வேர் கருகும். களைக்கொல்லி குடித்தவரை வாந்தியெடுக்க வைக்கிறேன் என்று உப்பைக் கரைத்துக் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம்: இரத்தத்தில் சோடியம் எகிறி, வலிப்பு வந்து, அதுவே உயிரைப் பறிக்கலாம். அவசர உதவிக்கு 999ஐ (மலேசியா) அழையுங்கள், களைக்கொல்லிப் போத்தலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.